நானே வந்து கேட்டாலும்

பெற்ற பிள்ளையிடம் ஒரே ஒரு கையெழுத்துக்காக மூன்று நாள் மல்லுக்கட்டிய தாய், ஏரியூர் சுற்றுவட்டாரத்தில் சென்னம்மாள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். திட்டிப் பார்த்தாள், முதுகில் ரெண்டு வைத்தும் பார்த்தாள், சந்தையில் ரிப்பன் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டியும் பார்த்தாள். தீர்த்தம்மாள் அசையவில்லை. பன்னிரண்டு வயசுப் பெண், ஏழாம் வகுப்பு. தராசில் ஏற்றினால் அரை மூட்டைப் புளி எடைகூட வரமாட்டாள். அவள் பெயரில் தபாலாபீசில் ஐந்நூற்று முப்பத்தேழு ரூபாய் இருந்தது. அவள் கையெழுத்துப் போடாமல் அதில் ஒரு ரூபாய்கூட வெளியே வராது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பிடிவாதத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்து வளர்த்தவளே சென்னம்மாள்தான்.

எண்பத்தேழாம் வருசம், பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். காலையில் பனி விழுந்து கூரையெல்லாம் நனைந்து கிடக்கும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். கள்ளிப்பள்ளக் கொட்டாய் என்கிற அந்தச் சிற்றூரில் அது புளி தட்டுகிற காலம். வியாபாரி வீட்டுக்கு வீடு மூட்டையை இறக்கிவிட்டுப் போவான். ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இத்தனை பைசா என்று கூலி. கொட்டையும் அவனுக்கே. சென்னம்மாள் கல்யாணமாகி இந்தக் கொட்டாய்க்கு வந்த நாளிலிருந்து சின்ன இரும்புச் சுத்தியும் தட்டைக்கல்லுமாக உட்கார்ந்து தட்டிக்கொண்டுதான் இருந்தாள். விரல் நுனியெல்லாம் புளி அரித்து வெளுத்துப் போயிருந்தது. களி உருட்டும்போது அந்த வெடிப்பில் சூடு பட்டால் உயிர் போகும்.

செவ்வாய்க்கிழமை காலை ராமக்கா வந்து வாசலில் நின்றாள். புருசன் போன பிறகு ஐந்து ஏக்கர் மானாவாரியைத் தனியாளாகக் கட்டிக் காப்பவள். பேச்சில் வெல்லம் தடவத் தெரியாது.

"சென்னம்மா, பள்ளத்தோரத்துல எம்மரம் மூணையும் பாத்தியா?"

"பாக்காம என்னங்கக்கா? காயி சடைசடையாத் தொங்குது."

"காரிமங்கலத்து யாவாரி நானூறுக்கு மேல ஒரு பைசா ஏறமாட்டேங்கறான். ஐநூறு குடு, மூணு மரமும் இந்த வருசத்துக்கு ஒனுக்கு. ஒம்புருசன் ஏறி உலுக்கிருவான், நீ தட்டிருவ. கூலின்னு வெளிய ஒரு பைசா போவாது. என்னா சொல்றே?"

சென்னம்மாளின் கையிலிருந்த சுத்தி அப்படியே நின்றது.

"எனுக்காங்க்கா? குத்தகைக்கா?"

"பின்ன, சும்மாவா குடுப்பாங்க? வெள்ளிக்கெழம பொழுது உழறதுக்குள்ள காசு கையில வரணும். அன்னிக்கி சாயங்காலந்தான் யாவாரி வர்றான். சனிக்கெழம விடிஞ்சா நான் மக வூட்டுக்குக் கிஷ்ணகிரி போவணும். நீ வர்லன்னா அவனுக்கு வுட்டுருவேன். அப்பறம் எம்மேல வருத்தப்படக்கூடாது."

அன்று பகல் முழுக்கச் சென்னம்மாளுக்கு வேலை ஓடவில்லை. மூன்று மரம். தட்டி எடுத்து, உருண்டை பிடித்து, பானையில் அடைத்து வைத்துச் சித்திரை வைகாசியில் விற்றால் போட்ட காசு போல ரெண்டு மடங்கு பார்க்கலாம். அதைவிடப் பெரிசு, இனி ஒருத்தன் மூட்டையை இறக்கிவிட்டு, "நாளைக்குள்ள முடிச்சிரணும்" என்று அதட்டமாட்டான். அவளுடைய புளியை அவளே தட்டுவாள். அந்த நினைப்பே நாக்கில் எச்சில் ஊறவைத்தது.

காசு இல்லாமலும் இல்லை. இரண்டு வருசமாகக் கூலியில் ஐந்தும் பத்துமாகச் சேர்த்த காசு தபாலாபீசில் இருக்கிறது. தீர்த்தம்மாள் பெயரில் இருக்கிறது. மகள்தானே, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொன்னால் போதும் என்று நினைத்தாள்.

அந்தக் காசு மகள் பெயருக்குப் போன கதையையும் சொல்லிவிட வேண்டும்.

சென்னம்மாளின் புருசன் மல்லையன் குடிகாரன் இல்லை, சீட்டாடுகிறவனும் இல்லை. அப்படி இருந்திருந்தால் நாலு பேரைக் கூட்டிவைத்துத் திட்டியாவது இருக்கலாம். புளியமரம் ஏறி உலுக்குவதில் அவனுக்கு இணை அந்தப் பக்கம் ஆள் கிடையாது. ஆனால் இல்லை என்கிற சொல் அவன் வாயில் வராது. யாராவது எதிரே வந்து முகத்தைச் சுருக்கினால் போதும், மடியை அவிழ்த்துவிடுவான். அதிலும் தங்கச்சி சின்னம்மாள், "அண்ணா" என்று இழுத்தால் தீர்ந்தது. ஒரு தடவை சென்னம்மாள் ஆசை ஆசையாக வளர்த்த வெள்ளாட்டை விற்ற காசு, சந்தையிலிருந்து வீடு வருவதற்குள் சின்னம்மாள் வீட்டுக் கூரைக்கு ஓலையாகப் போய்விட்டது. சரி, காசை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சென்னம்மாள் முந்தானையில் முடிந்தால், மல்லையன் ராத்திரிச் சோற்றைத் தொடாமல் பெருமூச்சு விடுவான். அவளுக்கும் மனசு இளகிவிடும். அவளே எடுத்துக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு மறுநாள் முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொள்வாள்.

அப்போதுதான் தபாலாபீசுக்குப் போனாள். அங்கே இருந்த நசீருதீன் சார் தர்மபுரிக்காரர், பொறுமையானவர். குழந்தை பேரில் கணக்கு என்றால் ரெண்டு வழி இருக்கிறது என்று விளக்கினார். ஒன்று, பெற்றவர் பொறுப்பில் வைப்பது; அப்பா கையெழுத்துப் போட்டு எடுக்கலாம். இன்னொன்று, குழந்தைக்குப் பத்து வயசு முடிந்திருந்தால், கையெழுத்தும் போடத் தெரிந்தால், அதுவே சொந்தமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

"அப்பிடி வெச்சா அவங்கப்பன் எடுக்க முடியாதுங்களா?"

"முடியாதுங்கம்மா."

"நானு?"

"நீங்களும் முடியாது. பாப்பா கையெழுத்துப் போட்டாத்தான்."

"அதையே வெச்சிருங்க சார்," என்றாள் சென்னம்மாள். அன்று அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நசீருதீன் வெகுநாள் மறக்கவில்லை.

அதோடு விட்டாளா? காசு பிள்ளை பெயரில் இருந்தால் போதாது, பிள்ளை ஏமாறாமலும் இருக்கவேண்டுமே. தீர்த்தம்மாளுக்கு அப்பன் என்றால் உயிர். ஆகவே சனி ஞாயிறில் புளி தட்டும்போதெல்லாம் மகளை எதிரே உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். சுத்தி ஒரு அடி விழும், கேள்வி ஒன்று வரும்.

"அத்த வந்து கேட்டா?"

"போடமாட்டேன்."

"அப்பன் வந்து கேட்டா?"

"போடமாட்டேன்."

"அப்பன் அழுதா?"

இந்த இடத்தில் மட்டும் பிள்ளை கொஞ்சம் தயங்கும். "அழுதாலும் போடமாட்டேன்."

"நானே வந்து கேட்டா?"

"நீ எதுக்கும்மா கேப்ப?"

"ஒங்கப்பன் என்னை அனுப்புவாருடி! மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு ஒக்காந்தா எனுக்குப் புத்தி கெட்டுப்போவும். நானே வந்து கேட்டாலும் போடக்கூடாது. சொல்லு."

"நீயே வந்து கேட்டாலும் போடமாட்டேன்."

ரெண்டு வருசம் இப்படி ஓதினால் கிளிப்பிள்ளைக்கே மண்டையில் ஏறிவிடும். தீர்த்தம்மாளோ வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுகிற பிள்ளை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் வந்து பையை மாட்டியதும் சென்னம்மாள் விசயத்தைச் சொன்னாள். பிள்ளை களியை விண்டு அவரைக்கொட்டைச் சாற்றில் தோய்த்து வாயில் போட்டு, மென்று, விழுங்கி, பிறகு சொன்னாள்.

"முடியாதும்மா."

"என்னாடி முடியாது?"

"போடமாட்டேன். நீதானே சொன்ன, நீயே வந்து கேட்டாலும் போடக்கூடாதுன்னு."

சென்னம்மாள் முதலில் சிரித்தாள். பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்தாள்.

"அது அப்பச் சொன்னது. இப்ப நானே சொல்றேன், போடு."

"அப்பிடித்தான் சொல்லுவேன்னும் சொல்லியிருக்கற."

"அடியே, அது ஒங்கப்பன் அனுப்பி வந்தா! இப்ப என்னை யாரு அனுப்பினா? நானா வந்து கேக்கறேன்."

"அது எனுக்கு எப்பிடித் தெரியும்?"

சென்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். வேறென்ன செய்வது? கேள்வியெல்லாம் அவளுடையது, பதிலெல்லாம் அவளுடையது. அவள் பின்னிய வலையில் அவளே சிக்கிக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை அதட்டலில் போயிற்று. மல்லையன் வேலை முடிந்து வந்தவன், தலையிலும் மீசையிலும் புளியிலைத் தூசியோடு உட்கார்ந்து ரெண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான். சென்னம்மாள் கொட்டித் தீர்த்தாள். ராமக்கா பெயரைக் கேட்டதும் அவன் கை சோற்றில் ஒரு கணம் நின்றது. அதை அவள் கவனிக்கவில்லை.

"நீயாச்சும் சொல்லுய்யா. ஒம்பேச்சுன்னா கேப்பா."

"நான் என்னாத்தச் சொல்றது?" என்றான் மல்லையன், தட்டைப் பார்த்தபடி. "புள்ள சொல்றதுலயும் ஞாயம் இருக்குது."

"ஆமா, ஒனுக்கு எல்லாரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கும். பொண்டாட்டி சொல்றதுல மட்டும் இருக்காது!"

அவன் எழுந்தான். கையைக் கழுவிக்கொண்டு ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டான். அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. சண்டைக்குக்கூட ஒத்துழைக்காத மனுசன்.

வியாழக்கிழமை மத்தியானம், சோற்று மணி அடித்ததும் பள்ளிக்கூடத்துக்கே போய் மகளைக் கையைப் பிடித்துத் தபாலாபீசுக்கு இழுத்து வந்தாள். நாலு பேர் எதிரே, அதிகாரி எதிரே கேட்டால் போட்டுவிடுவாள் என்று கணக்கு. நசீருதீன் பாரத்தை எடுத்து நீட்டினார். தீர்த்தம்மாள் அதைத் தொடவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சார், நீங்க சொல்லுங்க சார்," என்றாள் சென்னம்மாள். "ஒரு வார்த்த சொல்லுங்க. நாளிக்கிப் பொழுது உழுந்தா மரம் போயிருமுங்க. பெத்தவ நான் எதிர நிக்கறேன். காசு நான் தட்டுன காசு. பாருங்க இந்த வெரல!"

நசீருதீனுக்குச் சங்கடமாக இருந்தது. "காசு உங்களதுதாம்மா. கணக்கு பாப்பாவுது. நான் ஒண்ணும் செய்ய முடியாது." பிறகு பிள்ளையின் பக்கம் குனிந்தார். "ஏம்மா, அம்மா நல்லதுக்குத்தானே கேக்கறாங்க. ஏன் போடமாட்டேங்கற?"

தீர்த்தம்மாள் உதட்டைக் கடித்தாள். ரெண்டு நாளாகக் கல்லாக நின்றவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அப்பாவுக்கு நான் குடுக்கலீங்க சார்."

"எப்ப?" என்றாள் சென்னம்மாள்.

"போன வருசம். இதே மாதிரி பொங்க முடிஞ்சி. பள்ளிக்கூடத்துக்கு வந்தாரு. கல்ல முட்டாய் வாங்கிக் குடுத்தாரு. கையெழுத்துப் போடு சாமின்னாரு. நான் மாட்டேன்னேன். அழுதாரும்மா. துண்டால தொடச்சிக்கிட்டுப் போயிட்டாரு. அழுதாலும் போடக்கூடாதுன்னு நீதானே சொன்ன? நான் போடல." அவளுக்கு விக்கல் வந்தது. "அப்பா அழுதும் குடுக்கல. இப்ப ஒனுக்குக் குடுத்தா அப்பா மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?"

நசீருதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆமாங்கம்மா, போன வருசம் உங்க வீட்டுக்காரரு எதிர வேப்பமரத்தடியில ஒரு நாள் பொழுதன்னிக்கும் உக்காந்திருந்தாரு. என்னாங்கன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல சார்ன்னாரு."

"எதுக்காம் காசு?" என்றாள் சென்னம்மாள் மகளிடம். "எதுக்குன்னு கேட்டியா?"

"இல்ல."

"ஏன்டி கேக்கல?"

"அத நீ சொல்லிக்குடுக்கலியே."

மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நடக்கும்போது சென்னம்மாளுக்கு ஆத்திரம் பொங்கி வந்தது. எதுக்கு என்று கேட்கவும் வேண்டுமா? தங்கச்சிக்குத்தான். ஓலை மாற்றவோ, மாடு வாங்கவோ. பச்சைப் பிள்ளையிடம் போய் அழுதிருக்கிறான். வீட்டுக்குப் போகாமல் நேரே மல்லையன் வேலை செய்கிற இடத்துக்கே போனாள்.

அவன் ஒரு பெரிய மரத்தின் உச்சிக்கிளையில் நின்று மிதித்துக்கொண்டிருந்தான். பழம் சடசடவென்று கொட்டியது. கீழே பொறுக்குகிற பொம்பளைகள் சாப்பாட்டுக்கு ஒதுங்கியிருந்தார்கள். அது நல்லதாகப் போயிற்று.

"யோவ்! எறங்கி வாய்யா!"

"என்னாடி? பழம் தலைல உழும், தள்ளி நில்லு."

"உழுவட்டும். போன வருசம் புள்ளகிட்டப் போயிக் காசு கேட்டியா?"

மேலே சத்தம் நின்றது. ரெண்டு மூன்று பழம் தாமதமாக விழுந்தன.

"அது போவட்டும் வுடு."

"எப்பிடி வுடறது? யாருக்குக் கேட்ட? ஒந்தங்கச்சிக்குத்தான?"

"இல்ல."

"பின்ன யாருக்கு?"

"ஒனுக்கு."

"எனுக்கா?" சென்னம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். கழுத்து வலித்தது.

"ராமக்கா மரந்தான். இதே மூணு மரம். நீ அடுத்தவன் புளியவே தட்டிக்கிட்டுக் கெடக்கறியேன்னு பேசினேன். கையில காசு இல்ல. புள்ள குடுக்கல. அதோட வுட்டுட்டேன்."

"கத வுடறியா? அப்பிடி இருந்தா எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

கிளைகளுக்கு நடுவே இருந்து பதில் வந்தது.

"சொன்னா நம்பியிருப்பியா?"

இப்போதும் நம்பவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. மல்லையன் மறுபடி கிளையை மிதிக்க ஆரம்பித்தான். அவள் திரும்பி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை கருக்கலிலேயே ராமக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள். ஒரு நாள் தவணை கேட்கத்தான் போனாள்.

"ஒரு நாளா? ஒரு மணிகூட முடியாது," என்றாள் ராமக்கா, மாட்டுக்குத் தண்ணி காட்டியபடி. "புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் இதே பொழப்பா? போன வருசம் ஒம்புருசன் வந்தான். மூணு மரமும் முந்நூத்தம்பதுன்னு முடிச்சிக் குடுத்தேன். 'பொண்டாட்டிகிட்டச் சொல்லிராதீங்கக்கா, மரத்தப் புடிச்சிட்டுக் கூட்டியாந்து காட்டணும்'ன்னு பல்லக் காட்டினான். சாயங்காலம் காசோட வரேன்னு போனவன் இன்னிக்கி வரைக்கும் இந்தப் பக்கம் தல வெக்கல. என்னாச்சு அவனுக்கு?"

சென்னம்மாள் என்னவோ முனகிவிட்டுத் திரும்பினாள். வரப்பில் நடக்கும்போது பனி காலை நனைத்தது. முந்நூற்றைம்பது. இந்த வருசம் ஐந்நூறு. அந்த நூற்றைம்பதைவிட இன்னொன்று நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இத்தனை வருசத்தில் அவன் ஒரே ஒரு தடவை அவளுக்கென்று கேட்டிருக்கிறான். அந்த ஒரு தடவைக்கும் சேர்த்துத்தான் அவள் பிள்ளைக்கு இல்லை என்று சொல்லப் பழக்கி வைத்திருந்தாள். அவள் அழுதாள். அழுதுகொண்டே அவனைத் திட்டவும் செய்தாள். வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அந்த மனுசன்?

தீர்த்தம்மாள் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சென்னம்மாள் எதிரே உட்கார்ந்து, நடந்ததை அப்படியே சொன்னாள். பிள்ளை பின்னலைப் பாதியில் பிடித்தபடி கேட்டது.

"அப்ப, அப்பா கேட்டதும் இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான். நாந்தான்டி தப்பு பண்ணிட்டேன். இப்பப் போடுவியா?"

தீர்த்தம்மாள் வெகுநேரம் யோசித்தாள். அவள் யோசிக்க யோசிக்கச் சூரியன் மேலே ஏறிக்கொண்டே போவதுபோல் சென்னம்மாளுக்கு இருந்தது.

"அப்பா கேக்கட்டும். போடறேன்."

"ஐயோ, மறுபடியுமா! நான் கேட்டா என்னா, அவரு கேட்டா என்னா? மரம் ஒண்ணுதானே?"

"அப்பாதான் மொதல்ல கேட்டாரு," என்றாள் தீர்த்தம்மாள். அதற்கு மேல் பேச்சில்லை.

மல்லையன் அன்று வேறொரு மரத்தில் இருந்தான். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. சொன்னதைக் கேட்டு அவன் கிளையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் வர்ல. ஒருக்கா கேட்டு இல்லன்னு வாங்கினது போதும். நாலு பேரு பாக்க நின்னு மறுபடி கேக்கணுமா?"

"யோவ், அந்த 'இல்ல'ங்கறது அவுளுதில்லய்யா. நான் போட்ட பாடம். ஒன்னையத் திருடனாட்டம் நெனச்சி நான் சொல்லிக்குடுத்த பாடம். போதுமா? இன்னும் என்னா சொல்லணும்? காலுல உழுவணும்ன்னா மரத்துல இருந்து எறங்கு, உழறேன். மேல ஒக்காந்திருந்தா எனுக்கு எட்டாது!"

மல்லையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கினான்.

தபாலாபீசில் காசு கொடுக்கிற நேரம் முடியக் கால்மணிதான் இருந்தது. தீர்த்தம்மாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்கெனவே வந்து பாரத்தை முத்து முத்தாக நிரப்பி வைத்திருந்தாள். கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் காலி. பேனா மூடி திறந்திருந்தது. நசீருதீன் வேறு வேலை பார்ப்பதுபோல் முத்திரைக் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மல்லையன் துண்டைக் கையில் சுருட்டினான், பிரித்தான்.

"கேளுய்யா," என்றாள் சென்னம்மாள். "மணியப் பாரு."

"சாமி," என்றான் மல்லையன். செருமினான். "கொஞ்சம் காசு வேணும் சாமி."

தீர்த்தம்மாள் அப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்குப்பா?"

"ஒங்கம்மாவுக்கு மரம் புடிக்க."

தீர்த்தம்மாள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். நசீருதீன் பழைய கையெழுத்தோடு ஒத்துப் பார்த்து, முத்திரை குத்தி, ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணிப் பிள்ளையிடம் நீட்டினார். சென்னம்மாளின் கை தானாக நீண்டது. பிள்ளை அதைப் பார்க்காததுபோல நோட்டுகளை அப்பன் கையில் வைத்தாள். சென்னம்மாள் கையை இழுத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

ராமக்கா வீட்டுக்கு இரண்டு மைல் நடை. மல்லையன் முன்னால் போனான், காசு அவன் மடியில். நடுவில் தீர்த்தம்மாள். பின்னால் சென்னம்மாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வழியில்தான் சின்னம்மாள் வீடு இருக்கிறது என்பது பாதி தூரம் வந்த பிறகுதான் சென்னம்மாளுக்கு உறைத்தது. குறுக்குத் தடத்தில் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். காலையில் அழுத அழுகை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். அதைப்போலக் கஷ்டமான காரியம் அவள் வாழ்க்கையில் செய்ததில்லை.

"அண்ணா!"

சின்னம்மாள் வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்தாள். முகத்தைச் சுருக்கியிருந்தாள். "அண்ணா, கொஞ்சம் நில்லேன். ஒனுக்குத்தான் ஆளு அனுப்பலாம்ன்னு இருந்தேன்."

மல்லையன் நின்றான். நிற்காமல் அவனால் எப்படிப் போகமுடியும்? சென்னம்மாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மூன்று மரமும் வேரோடு சாய்வது அவளுக்குத் தெரிந்தது.

கண்ணைத் திறந்தபோது மல்லையன் மடியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நோட்டுகளை நாலாக மடித்து, மகளின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மூடினான்.

"இத நீ வெச்சிக்க. கெட்டியாப் புடிச்சிக்க. நான் திரும்பி வந்து கேட்டாலும் குடுக்காத சாமி."

"குடுக்கமாட்டேன்," என்றாள் தீர்த்தம்மாள், யோசிக்காமல்.

"அழுதா?"

"அழுதாலும் குடுக்கமாட்டேன்."

மல்லையன் தலையை ஆட்டிவிட்டுத் தங்கச்சியிடம் போனான். படலருகே அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதும், இவன் தலையைச் சொறிவதும் தெரிந்தது. அவனுக்குத் தன்னைப் பற்றிச் சென்னம்மாளைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்த மனுசனை அப்படியே கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அவன் திரும்பி வந்தான். பார்வை வேறெங்கோ இருந்தது.

"என்னாவாம்?"

"ஒண்ணுமில்ல. அவ மாமியா ஊருக்குப் புளி குடுத்தனுப்பணுமாம். நம்ம மரத்துப் புளி பத்து கிலோ தரேன்னு சொல்லிட்டேன்."

"நம்ம மரமா? இன்னும் காசே குடுக்கலியேய்யா!"

"அதான், வெரசா நட," என்றான் மல்லையன்.

சென்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மகள் ஏற்கெனவே முன்னால் போய்விட்டாள். மூடிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல், ராமக்கா வீட்டைப் பார்க்க ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள். வெயில் இன்னும் மரத்து உச்சியில்தான் இருந்தது. பெற்றவர்கள் ரெண்டு பேரும் அவள் பின்னால் ஓடினார்கள்.